மொய் விருந்தில் இரண்டாம் கரண்டி: ஒரு வயிற்றியல் ஆய்வு

ஆடி பிறந்ததும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு வட்டாரத்தில் இரண்டு உயிர்களுக்கு நிம்மதி போய்விடும். ஒன்று ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர், மற்றது கிடாய். ஆலங்குடி, வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம், குளமங்கலம், மறமடக்கி, அணவயல், நெடுவாசல் என்று எந்த ஊர் டீக்கடைப் பக்கம் போனாலும் தட்டியில் கைகூப்பிச் சிரிக்கும் முகங்கள். தேர்தல் வந்துவிட்டதோ என்று வெளியூர்க்காரர் திகைப்பார். தேர்தல் இல்லை, மொய் விருந்து.

ஆய்வு என்றால் முதலில் வரையறை வேண்டும். கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று ஒரு சாக்கும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே வைக்கும் கறி விருந்துதான் மொய் விருந்து. எல்லையைத் தாண்டிப் பேராவூரணிப் பக்கமும் இதே கதைதான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். அந்தச் சும்மாவை மொய் விருந்து நிரப்புகிறது. ஆவணியிலும் தொடரும். பத்துப் பதினைந்து பேர் கூட்டுச் சேர்ந்து ஒரே மண்டபம், ஒரே அடுப்பு, ஒரே பந்தல் என்று செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மொய் எழுதும் மேசை மட்டும் ஆளுக்கு ஒன்று. ஒருமுறை வைத்தவர் மறுபடி வைக்க ஐந்து ஆண்டு பொறுக்க வேண்டும். அதுவரை மற்றவர் விருந்துக்குப் போய், தான் வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும். பழைய மொய்க்கு மேல் கூடுதலாக வைப்பது புதுநடை. புதுநடை இல்லாமல் வாங்கியதை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பினால் கணக்கு முடிந்தது என்று பொருள். உறவில் லேசாக ஒரு சுருக்கமும் விழும். போர்வெல், பையனின் காலேஜ் ஃபீஸ், பெண்ணின் நகை, பழைய கடன் எல்லாம் இந்தப் பணத்தில்தான் தீர்கின்றன.

இந்தப் பண ஏற்பாட்டைப் பற்றிப் பத்திரிகைகள் ஆடிக்கு ஆடி எழுதுகின்றன. பணம் எண்ணும் இயந்திரம் வந்தது, கம்ப்யூட்டரில் ரசீது வந்தது, காவலுக்கு ஆள் வந்தது என்று படத்தோடு செய்தி வரும். பணம் எண்ணப்பட்ட அளவுக்குக் கறி எண்ணப்படவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் மனக்குறை. கறியைத் தின்றவர்கள் எழுதும் நிலையில் இருப்பதில்லை. எழுதும் நிலையில் இருக்கிற நிருபர் இயந்திரத்தைப் படம் பிடிக்க மேசைப் பக்கம் போய்விடுகிறார். ஆகவே நமது ஆய்வு வினா இது: ஒருவர் வைக்கும் மொய்க்கும், அவர் இலையில் விழும் கறிக்கும், குறிப்பாக இரண்டாம் கரண்டிக்கும், ஏதாவது விகிதம் உண்டா?

முதலில் வரலாற்றுப் பின்னணி. அது இல்லாமல் எந்த ஆய்வேட்டையும் பல்கலைக்கழகம் வாங்கிக்கொள்ளாது. இம்மாவட்டத்தின் உணவு வரலாறு பட்டினியில் தொடங்குகிறது என்பது வருந்தத்தக்க உண்மை. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பாட்டத்தில் சமண முனிவர்கள் வழவழப்பாகச் செதுக்கிக்கொண்ட 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. ஒன்றில் தமிழி எழுத்துக் கல்வெட்டும் உண்டு. அந்தப் படுக்கைகளில் உண்ணாநோன்பு இருந்தார்கள் என்கிறார்கள். கீழே குடைவரைக் கூரையில் தாமரைக்குளம், அதில் மீன், வாத்து, எருமை, யானை. ஒரு மீன்கூடக் குழம்புக்குப் போகவில்லை. இந்தக் கற்படுக்கைகளை உணவுக்கு முன் பயன்படுத்தியது சமணர்களின் பிழை என்பது வயிற்றியலின் நிலைப்பாடு. அவை மூன்றாம் பந்தி முடிந்தவர்களுக்கென்றே அளவெடுத்துச் செய்தவைபோல இருக்கின்றன. மலை ஏற முடிந்தால்தானே என்று கேட்டால் பதில் இல்லை.

அடுத்த ஆதாரம் அம்மன் காசு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை தனக்கென்று ஒரு செப்புக்காசு வைத்திருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய என்று இருக்கும். நவராத்திரியில் அரண்மனை ஜனங்களுக்கு அரிசி கொடுத்து, கூடவே இந்தக் காசையும் கொடுத்தது. அரிசியும் கொடுத்துக் காசும் கொடுத்த அந்தப் பொருளாதாரம் ஏன் நிலைக்கவில்லை என்று விளக்க ஆய்வாளர் தேவையில்லை. பிற்காலக் குடிமக்கள் அதில் ஒரே ஒரு திருத்தம் செய்தார்கள்: சோறு போடு, காசை வாங்கு. அரசர்கள் போய்விட்டார்கள், திருத்தம் நிற்கிறது.

இலக்கியச் சான்றுக்குச் சங்கப் பாட்டு போதும். கரிகாலன் வாசலில் தங்கிய பொருநர், இரவு பகலாகக் கறி தின்றதில் பல்லெல்லாம் கொல்லை உழுத கொழுப்போல மழுங்கிப் போயிற்று என்று பொருநராற்றுப்படை பேசுகிறது. பல் தேய்மானத்தைக் கறி விருந்தின் அளவுகோலாகக் கொண்ட முதல் ஆய்வு இதுவே. அவருக்கு மொய் நோட்டு கிடையாது என்பதைக் கவனிக்க. பாட்டே மொய், புதுநடையும் பாட்டே.

கடல் கடந்த ஒப்பீடு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதற்காக அயர்லாந்துக்குப் போகிறோம். இந்த வகை ஆய்வுக்கே தலைமை ஆசான் ஒரு டப்ளின்காரர் என்பது இன்னொரு காரணம். ஜொனதன் ஸ்விஃப்ட் என்ற பாதிரியார் 1729இல், அயர்லாந்தின் வறுமை தீர ஏழைகளின் பிள்ளைகளைச் சமைத்துத் தின்னலாம் என்று விலை, எடை, பக்குவம் எல்லாம் கணக்குப் போட்டு முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுதினார். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. கிடாயோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அயர்லாந்துக்காரர்களும் ஆட்டுக்கறியில் பற்றுள்ளவர்கள். அவர்களுடைய பேர்பெற்ற ஐரிஷ் ஸ்டூவில் இருப்பது ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர். மிளகாய் இல்லை, மல்லி இல்லை, சோம்பு இல்லை. எங்கள் அப்பத்தா பார்த்திருந்தால், ‘யாருக்குடா காய்ச்சல்?’ என்று கேட்டிருப்பார். ஆனால் கொல்கனன் என்ற இன்னொரு பண்டத்தில் அவர்கள் நமக்கு மிக அருகே வருகிறார்கள். உருளைக்கிழங்கை மசித்து, முட்டைக்கோஸோ கீரையோ சேர்த்து, குவித்து, நடுவில் குழி பறித்து அதில் வெண்ணெயை உருக விடுவார்கள். ஓரத்திலிருந்து எடுத்துக் குழியில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். சோற்றைக் கூட்டிக் குழி பறித்துக் கறிக்குழம்புக்குக் காத்திருக்கும் எந்தப் புதுக்கோட்டைக்காரருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. உலகத்தின் இரு மூலையில் இரு சாதியார் ஒருவரை ஒருவர் பார்க்காமலே மாவுச்சத்தில் கிணறு வெட்டியிருக்கிறார்கள். அக்டோபர் கடைசி நாள் திருநாளில் அந்தக் கொல்கனனுக்குள் காசை ஒளித்துவைப்பதும் வழக்கம். யார் வாயில் காசு கடிபடுகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். காசையும் சோற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டது அவர்கள் முறை. புதுக்கோட்டையில் காசுக்கு மேசை தனி, சோற்றுக்குப் பந்தி தனி. பல்லுக்கும் அதுதான் நல்லது.

நமக்கு முக்கியமான பாடம் பழைய அயர்லாந்தின் விருந்து மண்டபத்தில் இருக்கிறது. தாரா அரண்மனையின் பந்தியில் யார் எங்கே உட்கார வேண்டும், எந்தத் தகுதிக்கு எந்தத் துண்டு என்று 12ஆம் நூற்றாண்டு லெய்ன்ஸ்டர் நூலில் கட்டம் கட்டிப் படமே போட்டிருக்கிறார்கள். அரசனுக்கு ஒரு துண்டு, புலவனுக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று. அப்படி எழுதி வைத்தும் சண்டை ஓயவில்லை. பிரிக்ரியு என்ற விஷமக்காரர் வைத்த விருந்தில், வீரனுக்குரிய முதல் பங்கு யாருக்கு என்று மூன்று பெரிய வீரர்கள் வாளை உருவிக்கொண்டார்கள் என்று பழங்கதை இருக்கிறது. தகுதியைக் கறியால் அளக்கப் போனால் இதுதான் நடக்கும்.

இனி கள ஆய்வு.

பந்தியில் கறி வாளி முன்னாலும் குழம்பு வாளி அதன் பின்னாலும் வரும். எவர்சில்வர் வாளிக்குள் கறி எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. மேலே ஒரு விரல் பருமனுக்குச் சிவந்த எண்ணெய். அதற்குக் கீழே தேங்காயும் கசகசாவும் அரைத்துவிட்ட மசாலா. அதற்கும் கீழே சின்னத் துண்டுகள். அடியில் எலும்புள்ள கனமான துண்டுகளும், அதிர்ஷ்டம் இருந்தால் நல்லியும். ஆகவே வாளி நிரம்பி வரும்போது வரிசையின் தலைமாட்டில் இருப்பவருக்கு எண்ணெயும் மணமும் அதிகம். வாளி காலியாகும் இடத்தில் இருப்பவருக்கு எலும்பு அதிகம். நடுவில் உட்கார்ந்தவருக்கு வாழ்க்கையில் எல்லாம் நடுத்தரம். இந்த இயற்கை விதியை உடைக்க வல்லது பரிமாறுகிறவரின் மணிக்கட்டு ஒன்றுதான். மேலாக வழித்துப் போடுகிறவர் உண்டு. கரண்டியை அடிவரை முங்கவிட்டு, ஒரு திருப்பு திருப்பி, எண்ணெய் வழிய மேலே கொண்டுவருகிறவரும் உண்டு. இரண்டாமவரை ஊரே பெயர் சொல்லிக் கூப்பிடும்.

குழம்பு வாளியில் வேறொரு சிக்கல். அதில் உருளைக்கிழங்கு இருக்கிறது. மல்லியும் மிளகாயும் ஏறிய கருஞ்சிவப்புக் குழம்பில் முழுகிக் கிடக்கும் உருளைக்கிழங்குத் துண்டு, பார்வைக்கு அச்சாகக் கறி. இலையில் விழும்போது சத்தமும் கறியின் சத்தமே. சாப்பிடுகிறவர் அதைக் கடைசிக்கென்று ஓரமாக ஒதுக்கி, அதற்கேற்பச் சோறும் வாங்கி, பிசைந்து, கடித்த பிறகுதான் உண்மை வெளிப்படும். அயர்லாந்துக்காரன் உருளைக்கிழங்கை உருளைக்கிழங்கு என்றே சொல்லித் தின்கிறான். நம் குழம்பில் அது மாறுவேடத்தில் நடமாடுகிறது. இதைச் சமையல்காரரிடம் கேட்டதற்கு, ‘குழம்பு கெட்டிப்படணும்ல’ என்றார். குற்றச்சாட்டை அவர் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறோம்.

இரண்டாம் கரண்டிக்கு வருவோம். முதல் கரண்டி உரிமை. இலை போட்டு உட்கார்ந்த யாருக்கும் உண்டு. இரண்டாம் கரண்டி ஒரு பேச்சுவார்த்தை. அது வாயால் நடப்பதில்லை, கையால் நடக்கிறது. வாளி வரும்போது உள்ளங்கையை இலைக்கு ஒரு சாண் மேலே பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பினால், ‘போடு, ஆனால் நான் கேட்டேன் என்று இருக்கக்கூடாது’ என்று பொருள். கையை இலையிலேயே படியவைத்து விரல்களை மட்டும் அகல விரித்தால், சந்து வழியாகப் போடலாம். இரண்டு கையும் வைத்துக் குனிந்து மூடினால்தான் உண்மையான மறுப்பு. அதையும் ஏற்காத பரிமாறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

‘என்ன மாமா, பேருக்குச் சாப்புடுறீங்க? நல்லாச் சாப்புடுங்க.’

‘போதும் மாப்ளே, நெஞ்சு வரைக்கும் நிக்குது.’

‘அப்ப எறங்குறதுக்கு ரெண்டு துண்டு போடுறேன்.’

இந்தத் தர்க்கத்தை மறுக்க அரிஸ்டாட்டிலாலும் முடியாது.

இப்போது ஆய்வு வினாவின் கழுத்தைப் பிடிப்போம். அதிக மொய் வைப்பவருக்கு அதிகக் கறியா? எதிர்பார்க்கத்தக்க விடை ஆம் என்பதே. ஐந்தாண்டுக்கு முந்தைய தொகையை ரூபாய் பிசகாமல் நோட்டில் வைத்திருக்கும் சமூகம், கறியையும் அப்படித்தான் வைத்திருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் கண்டது வேறு. பெரும்பாலோர் முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் மேசைக்குப் போகிறார்கள். பரிமாறும்போது மொய் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. பைக்குள் இருப்பது வாளிக்குத் தெரியாது. பரிமாறுகிற பையன்கள் பந்தியிலேயே நிற்கிறார்கள், நோட்டைப் பார்ப்பதில்லை. நோட்டு எழுதுகிறவர் மேசையை விட்டு எழுந்திருப்பதில்லை. அவருக்குக் கறி என்பதே கடைசிப் பந்தியில் காதில் விழும் வதந்தி. நாற்பது அடி தூரத்தில் ஒன்றையொன்று அறியாத இரண்டு அலுவலகங்கள்.

‘அப்படியானால் நல்லி எலும்பு எப்போதும் சிலருக்கே போகிறதே’ என்ற ஆட்சேபம் எழும். நியாயமான ஆட்சேபம். அதையும் பார்த்தோம். நல்லி போகும் இலைகளுக்குப் பின்னால் பணம் இல்லை, முறை இருக்கிறது. தாய்மாமன், புது மருமகன், அடுத்த வாரம் பெண் பார்க்க வரப்போகிறவர், பரிமாறுகிறவனின் கூடப்படித்தவன். லட்சம் வைப்பவர் கடைசி வரிசையில் உருளைக்கிழங்கைக் கடித்துக்கொண்டிருக்க, ஐந்நூறு வைக்கும் சின்ன மச்சான் தலைமாட்டில் நல்லியை இலையில் தட்டித் தட்டி உறிஞ்சிக்கொண்டிருப்பார். லட்சக்காரரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை. சொன்னால் கணக்கு, கறிக்குள்ளும் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

இயற்கை தானே ஒரு சோதனையும் நடத்திக் கொடுத்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. கீரமங்கலம், வடகாடு என்றாலே பலா என்றிருந்த இடத்தில் அடுத்த பலாப் பருவத்தில் மொட்டைக் கட்டைகள் நின்றன. அடுத்த ஆடியில் மேசைப் பக்கம் மொய் இளைத்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கரண்டி இளைத்ததாக யாரும் பேசிக் கேட்கவில்லை. மொய் குறையும் என்று தெரிந்தே கிடாய் பிடித்தவர்களை எந்தப் பொருளாதார நூலின் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை. 2020இல் ஊரடங்கு வந்து பந்தியையே சுருட்டியபோதுதான் இரண்டும் சேர்ந்து நின்றன.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் கொடை பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் மூன்று கடமைகளைச் சொல்கிறார்: கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பிக் கொடுக்க வேண்டும். வட அமெரிக்க மேற்குக் கரைப் பழங்குடிகளின் பாட்லாட்ச் விருந்தை அவர் பெரிய எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டார். அந்த விருந்து ஊதாரித்தனம் என்று கனடா அரசு 1885இல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 1951 வரை அந்தச் சட்டம் இருந்தது. மோஸ் வடகாட்டுக்கு வந்திருந்தால் நான்காவது கடமை ஒன்றைச் சேர்த்திருப்பார்: சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். மொய்யை நீட்டிவிட்டுக் கை நனைக்காமல் கிளம்புகிறவரை இந்த ஊர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். கடனை மட்டும் தீர்க்க வந்தவர் என்று ஆகிவிடும். வங்கியில் கடன் கேட்டுப் போனால் மேலாளர் அறை வாசலில் நின்று டீகூடக் கிடைக்காமல் திரும்புகிறோம். அந்த ஏற்பாட்டின் பெயர் நிதி நிறுவனம். இங்கே கடன் கேட்கிறவர் எண்பது வயதுக் கிழவரைக் கைப்பிடித்து உட்காரவைத்து, இலை போட்டு, ‘ஐயாவுக்கு மெதுவான கறியாப் பார்த்துப் போடு’ என்று சத்தம் போடுகிறார்.

ரசத்தைப் பற்றி ஒரு சொல். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கறி விருந்தில் ரசம் ஒரு சடங்கு. அது வந்துவிட்டது என்றால் கறி வாளி இனி வராது என்று அறிவிப்பு. அதனால்தான் ‘ரசம்’ என்ற குரல் தூரத்தில் கேட்டதும் வரிசையில் ஒரு பரபரப்பும், குழம்பு வாளியைக் கடைசியாக ஒருமுறை கூப்பிடும் அவசரமும் உண்டாகின்றன. மோர் அதற்கும் பின்னால். மோருக்குப் பிறகு கறி கேட்டவரை இந்த ஆய்வில் ஒரே ஒருமுறைதான் காண முடிந்தது. அவருக்கும் கொடுத்தார்கள்.

மாவட்டத்தின் பிற உணவுப் பெருமைகளை விட்டுவிட்டதாகக் குறை வரலாம். ராயவரம், அரிமளம், கோனாபட்டுப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் கந்தரப்பமும் கவுனி அரிசியும் உண்டு. புதுக்கோட்டை டவுனில் முட்டை மாஸ் உண்டு. அவித்த முட்டையை நறுக்கிப் போட்டு மசாலாவில் புரட்டுகிற அந்த ஓசையைக் கேட்டே பரோட்டா கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் பில் வரும், அல்லது வீட்டுக்காரர் பின்னால் நிற்பார். யாருக்கு எவ்வளவு என்று தெரிந்த உணவு வேறு ஆய்வுப் பிரிவைச் சேர்ந்தது.

விடை கிடைக்காத ஒரு வினாவும் உண்டு: சைவ இலை. எந்த மொய் விருந்திலும் ஓர் ஓரமாகச் சைவக்காரர்களுக்குச் சின்னப் பந்தி நடக்கும். சாம்பார், பொரியல், அப்பளம், பாயசம். அவர்களும் பழைய மொய்யைத் திருப்புகிறார்கள், புதுநடையும் வைக்கிறார்கள். கிடாயின் பலனில் அவர்களுக்கு ஒரு துண்டும் இல்லை. இந்த அநீதிக்கு ஈடாக அங்கே அப்பளம் கணக்கில்லாமல் விழுகிறது. பாயசத்தை மறுக்கவே விடுவதில்லை. பரிமாறுகிறவரின் கண்ணில் பரிவு தெரிகிறது. அந்தப் பரிவை அப்பள எண்ணிக்கையில் அளக்கலாமா, பாயசத்தின் முந்திரியில் அளக்கலாமா என்பது முடிவாகவில்லை. இதற்குச் சைவ ஆய்வாளர் ஒருவர் தேவை. விண்ணப்பிப்பவர் ஆடிக்குள் வர வேண்டும். உதவித்தொகை கிடையாது, மொய்ப் பணம் அவரே கொண்டுவர வேண்டும்.

அசைவப் பந்தியின் கள ஆய்வை இக்கட்டுரையாளரே தொடர்வார். வரிசையின் கால்மாடு, வாளி காலியாகும் இடம், இப்போதே குறித்து வைக்கப்பட்டுவிட்டது.